முதல் தடவையா பிசியோதெரபிக்குப் போறவங்களுக்கு

முட்டியில ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சு பிரேஸைக் கழட்டினப்போ என் கால் 40 டிகிரிக்கு மேல மடங்கல. தொடை வேற யாரோட தொடையோ மாதிரி இளைச்சுப் போயிருந்துச்சு, தூக்குன்னு மனசு சொல்லுது, கால் பாட்டுக்கு அப்படியே கிடக்குது. டாக்டர் சீட்டுல "பிசியோதெரபி"ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தார், அங்க என்ன பண்ணுவாங்க, எத்தனை நாள் போகணும், வலிக்குமா, ஒண்ணும் சொல்லல. நானும் அவங்க நல்லா நீவி விடுவாங்க, கரண்ட் வைப்பாங்க, நாம படுத்துகிட்டு இருந்தா போதும்னு நெனச்சுப் போனேன். ரெண்டு வாரம் அப்படியே போய்ட்டு வந்தேன், வீட்டுக்கு வந்தா திரும்ப சோஃபாவுல காலை நீட்டி உக்காந்துக்குவேன். அளந்து பாத்தா 10 டிகிரி கூட ஏறல.

அன்னைக்கு பிசியோ ஒரு கணக்கு போட்டுக் காட்டினாங்க. வாரத்துக்கு 168 மணி நேரம், அதுல ரெண்டு தடவை முக்கால் மணி நேரம் இங்க வர்றீங்க, ஆக மொத்தம் ஒன்றரை மணி நேரம், மீதி 166 மணி நேரத்துக்கு மேல உங்க கால் உங்ககிட்டதான இருக்கு, அப்ப என்ன பண்றீங்கன்னு கேட்டாங்க. பதில் சொல்ல வாய் வரல. இதுக்குப் புதுசா போறவங்க யாருமே இந்தக் கணக்கைப் போடறதில்ல, அதனாலதான் இதை எழுதறேன். நான் டாக்டரும் இல்ல பிசியோவும் இல்ல, அந்த ரூம்ல பல மாசம் வேர்த்து விறுவிறுத்து வந்தவன், அவ்ளோதான்.

அசையாம இருந்தா என்னதான் ஆகுது

இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. அசைக்காம வெச்சா தசை ரொம்ப சீக்கிரம் கரையும், ரெண்டு வாரம் கட்டுப் போட்டு வெச்சாலே டேப் வெச்சு அளந்தா தொடை சுற்றளவுல வித்தியாசம் தெரியும், வயசானவங்களுக்கு இன்னும் வேகமா போகும். மூட்டைச் சுத்தி ஒரு உறை இருக்கு, அது நீட்டி மடக்கலைன்னா சுருங்கி விறைச்சுப் போகும், நாம "முட்டி பிடிச்சுக்கிச்சு"ன்னு சொல்றது பாதி இதுதான். எலும்பு முனையில இருக்கற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது, ஸ்பாஞ்சை அமுக்கி விட்டா தண்ணி உள்ள போய் வெளிய வர்ற மாதிரி, மூட்டுல பாரம் ஏறி இறங்கறப்போதான் மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துல இருந்து அதுக்குச் சத்து கிடைக்குது. நடக்காம இருந்தா முட்டி தேயாதுன்னு நெனைக்கறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

இன்னொண்ணு இருக்கு, இதைக் கேட்டப்போதான் எனக்கு என் மேலயே இருந்த கோவம் கொறஞ்சுது. முட்டிக்குள்ள நீர் கோத்துக்கிட்டா மூளையும் தண்டுவடமும் சேர்ந்து தொடைத் தசையை ஸ்விட்ச் ஆஃப் பண்ணி வெச்சிருது. நல்ல முட்டியிலயே 20, 30 மில்லி உப்புத் தண்ணியை ஏத்திப் பாத்திருக்காங்க, அந்த அளவுக்கே தொடையோட உள்பக்கத் தசை சுணங்கிப் போகுது, வலியே இல்லாட்டியும்! நாலஞ்சு ஸ்பூன் தண்ணிதான் அது. அதனால கால் தூக்க வரலைன்னா அது சோம்பேறித்தனம் இல்ல, மனவலிமை இல்லாததும் இல்ல, ஒயர் கட்டாகி இருக்கு, திரும்ப ஜாயிண்ட் போடணும். ஆரம்பத்துல பிசியோ கொடுக்கற சின்னச் சின்ன வேலையெல்லாம் அந்த ஜாயிண்ட் போடறதுக்குத்தான்.

ஸ்டெப் 1: பிசியோகிட்ட போகாம நேரா டாக்டர்கிட்ட ஓட வேண்டிய நேரம்

இதை மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா இங்க தாமதம் ஆனா திரும்பி வராது. இடுப்பு வலியோட சேர்ந்து உக்கார்ற இடம், தொடையிடுக்குப் பக்கம் மரத்துப் போச்சுன்னா, ஒண்ணுக்கு வர்றது தெரியலைன்னா இல்ல அடக்க முடியலைன்னா, ரெண்டு காலும் வலுவிழந்துட்டே போச்சுன்னா அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போங்க, ராத்திரி ஆனாலும் சரி. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீர்னு வீங்கி, சூடா, தொட்டா வலிக்குதுன்னா, அதுவும் ஆபரேஷனுக்கு அப்புறமோ ரொம்ப நாள் படுத்திருந்த பிறகோன்னா, ரத்தக் கட்டியா இருக்கலாம், அதை நீவி விடச் சொல்லி யார்கிட்டயும் காலை நீட்டாதீங்க. காய்ச்சலோட மூட்டு வீங்கறது, காரணமே இல்லாம எடை கொறையறது, எப்படிப் புரண்டு படுத்தாலும் விடாத ராத்திரி வலி, முன்னாடி கேன்சர் இருந்தவங்களுக்குப் புதுசா எலும்பு வலி, விழுந்த பிறகு காலை ஊனவே முடியாதது, இதெல்லாம் மொதல்ல டாக்டர் பாக்கணும்.

இதுல எதுவும் இல்லைன்னா தைரியமா போங்க.

ஸ்டெப் 2: என்ன எடுத்துட்டுப் போறது

ஆபரேஷன் ஆகியிருந்தா டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம் வேணும், அதுல கால்ல எவ்ளோ பாரம் வைக்கலாம், எத்தனை டிகிரி வரைக்கும் மடக்கலாம்னு எழுதியிருக்கும், எழுதலைன்னா சர்ஜன்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டுப் போங்க. சாப்பிடற மாத்திரை லிஸ்ட், ஸ்கேன் ரிப்போர்ட். முட்டிக்குப் போனா முட்டி தெரியற மாதிரி டிரெஸ், தோள்பட்டைக்குப் போனா கை தூக்கினா தெரியற மாதிரி டிரெஸ், நான் முதல் நாள் டைட் ஜீன்ஸ் போட்டுட்டுப் போய் அசிங்கப்பட்டேன்.

எல்லாத்தையும் விட முக்கியம் ஒரு துண்டுச் சீட்டு. இப்ப உங்களால செய்ய முடியாத மூணு வேலையை எழுதுங்க, "வலி போகணும்"னு எழுதாதீங்க, அதை வெச்சு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. "மாடிப்படி கைப்பிடி பிடிக்காம இறங்கணும்", "மேல் ஷெல்ஃப்ல இருந்து டப்பா எடுக்கணும்", "குழந்தையைத் தூக்கிட்டு பத்து நிமிஷம் நிக்கணும்" இந்த மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மார்க் போடுங்க, சுத்தமா முடியலைன்னா 0, பழையபடி முடியுதுன்னா 10. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை திரும்ப மார்க் போட்டுப் பாருங்க. வலி ஒரு நாள் ஏறும் ஒரு நாள் இறங்கும், அதை மட்டும் பாத்துட்டு இருந்தா பைத்தியம் பிடிக்கும், இந்த மார்க் பொய் சொல்லாது.

ஸ்டெப் 3: முதல் நாள்

முதல் நாள் பெரும்பாலும் பேச்சும் அளவும்தான், இதைப் பாத்துட்டு "ஒண்ணுமே பண்ணல, பேசியே அனுப்பிட்டாங்க"ன்னு திட்டறவங்க நெறைய. உண்மையில ஒண்ணுமே கேக்காம நேரா மெஷின்ல போடற எடத்தைப் பாத்துத்தான் பயப்படணும்.

எப்ப ஆரம்பிச்சுது, எப்ப கூடுது, எப்ப கொறையுது, ராத்திரி முழிப்பு வருதான்னு கேப்பாங்க. வலியைச் சொல்றப்போ "ரொம்ப வலிக்குது"ன்னு மட்டும் சொல்லாதீங்க, நம்ம பேச்சுலதான் வலிக்கு எத்தனை வார்த்தை இருக்கு, அதை எல்லாம் எடுத்து விடுங்க. சுருக்குனு குத்துதா, விண்ணு விண்ணுனு தெறிக்குதா, கடுகடுன்னு இருக்கா, எரியுதா, மதமதன்னு மரத்துப் போகுதா, இடுப்புல இருந்து கால் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்குதா? கடைசியா சொன்ன ரெண்டும் நரம்பு சம்பந்தப்பட்டதா இருக்க வாய்ப்பு அதிகம், விண்ணு விண்ணு வீக்கத்தோட சேர்ந்து வரும், அவங்களுக்கு இந்த ஒரு வார்த்தை பாதி வேலையை முடிச்சிரும்.

அப்புறம் பாகைமானி மாதிரி ரெண்டு கை வெச்ச ஒரு ஸ்கேல், கோனியோமீட்டர்னு பேரு, அதை வெச்சு மூட்டு எத்தனை டிகிரி மடங்குதுன்னு அளப்பாங்க. நல்ல முட்டி சுமாரா 135 டிகிரி மடங்கும். சமதளத்துல நடக்க 60 கிட்ட போதும், மாடிப்படிக்கு 90 ஒட்டி வேணும், தாழ்வான சீட்ல இருந்து எழுந்திரிக்க 100-ஐத் தாண்டணும். இந்த நம்பர் தெரிஞ்சிருந்தா உங்க 70 எதுக்குப் போதும் எதுக்குப் பத்தாதுன்னு உங்களுக்கே புரியும். தசை வலுவுக்கு 0-ல இருந்து 5 வரைக்கும் ஒரு கிரேட், தசையில துடிப்பே இல்லைன்னா 0, பூமி ஈர்ப்பை மீறித் தானா தூக்க முடிஞ்சா 3, அவங்க கையால அமுக்கியும் தாங்கினா 5. வயசானவங்கன்னா 30 செகண்ட்ல கையை ஊனாம நாற்காலியில இருந்து எத்தனை தடவை எழுந்து உக்கார்றாங்கன்னு எண்ணுவாங்க, இதை நீங்க வீட்லயே பண்ணிப் பாக்கலாம், 65-ல இருந்து 69 வயசுக்குள்ள இருக்கற ஆம்பளைங்க 12-க்குக் கீழ, பொம்பளைங்க 11-க்குக் கீழ போனா விழற அபாயம் இருக்குன்னு அர்த்தம்.

ஸ்கேன் ரிப்போர்ட் பத்தி ஒரு வார்த்தை. "டிஸ்க் பல்ஜ்" (முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கற மெத்தை பிதுங்கறது), "தேய்மானம்"னு எழுதியிருந்தா பாதிப் பேர் அன்னைக்கே வாழ்க்கை முடிஞ்சு போச்சுன்னு உக்காந்துர்றாங்க. 2015-ல ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு வந்துச்சு, முதுகு வலியே இல்லாதவங்களோட ஸ்கேனை மட்டும் எடுத்துப் பாத்தாங்க, 20 வயசுக்காரங்கள்ல 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயசுல 96 சதவீதம். வலியே இல்லாதவங்களுக்கு! தலை நரைக்கற மாதிரிதான் இதுவும் பாதி. ரிப்போர்ட்டை வேண்டாம்னு சொல்லல, ரிப்போர்ட்டோட சேர்த்து உங்க உடம்பையும் பாக்கற ஆள்கிட்ட போங்கன்னு சொல்றேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுட்டு வாங்க: என்ன பிரச்னைன்னு நெனைக்கறீங்க, சுமாரா எத்தனை வாரம் ஆகும், வீட்ல நான் தினமும் என்ன பண்ணணும், எதைச் செய்யக் கூடாது, எவ்ளோ வலி வரைக்கும் பரவாயில்ல. கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம், அதுக்குத் தனியா வர்றேன்.

ஸ்டெப் 4: வீட்டு வேலை

என் முட்டிக்குக் கொடுத்ததையே உதாரணமா சொல்றேன். உங்களுக்கு வேற மாதிரி கொடுப்பாங்க, ஆபரேஷன் ஆனவங்க சர்ஜன் போட்ட எல்லையைத் தாண்டவே கூடாது, இதை அப்படியே காப்பி அடிக்காதீங்க, எந்த மாதிரி வேலைன்னு ஒரு ஐடியாவுக்காகத்தான்.

முதல் வேலை கணுக்காலை மேலயும் கீழயும் ஆட்டறது, ஆங்கிள் பம்ப். பாக்க விளையாட்டா இருக்கும், ஆனா கெண்டைக்கால் தசை ஒவ்வொரு தடவை சுருங்கறப்பவும் கால்ல தேங்கின ரத்தத்தை மேல தள்ளுது, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு அது பெரிய விஷயம். அடுத்தது க்வாட்ஸ் செட், காலை நீட்டி வெச்சு முட்டிக்குக் கீழ ஒரு டவலைச் சுருட்டி வெச்சு அதை முட்டியால படுக்கையில அமுக்கறது, அஞ்சு செகண்ட் பிடிச்சு விடறது. நான் அமுக்கினப்போ முதல் மூணு நாள் தொடையில ஒரு சின்னத் துடிப்பு கூட வரல. நல்ல காலையும் சேர்த்து அமுக்கிப் பாருங்க, தொடை மேல கையை வெச்சு அந்தத் தசையைத் தேடுங்கன்னாங்க, நாலாவது நாள் லேசா ஒரு நடுக்கம் தெரிஞ்சுது, அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை வெளிய சொன்னா சிரிப்பாங்க. அப்புறம் ஹீல் ஸ்லைட், படுத்துகிட்டு குதிகாலைப் படுக்கையிலயே தேய்ச்சுட்டு பின்பக்கம் நோக்கி இழுக்கறது. தொடைத் தசை நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சதும் முட்டியை மடக்காம காலைத் தூக்கறது, ஒரு காலை மடக்கி வெச்சு இன்னொரு காலை அந்த முட்டி உசரம் வரைக்கும், அதுக்கு மேல வேண்டாம். அதுக்கு அப்புறம்தான் நாற்காலியில உக்காந்து எழுந்திரிக்கறது, சின்னப் படி ஏறி இறங்கறது எல்லாம்.

ஒரு தப்பு எல்லாரும் பண்றாங்க, நானும் பண்ணேன். முட்டிக்குக் கீழ தலகாணி வெச்சுத் தூங்கறது. சுகமா இருக்கும், ஆனா ராத்திரி முழுக்க முட்டி லேசா மடங்கியே இருந்து நேராகற சக்தியை இழந்துரும். மடங்கறது கொஞ்சம் கொறைஞ்சா சமாளிச்சு நடந்துக்கலாம், நேராகலைன்னா ஒவ்வொரு அடியும் நொண்டல்தான். சும்மா படுத்திருக்கறப்போ டவல் வைக்கணும்னா குதிகாலுக்குக் கீழ வைங்க, முட்டி தன் எடையிலயே கீழ தொங்கட்டும்.

எத்தனை தடவைன்னா பொதுவா 10, 15 தடவை, ரெண்டு மூணு செட், உங்க பிசியோ சொல்றதுதான் கணக்கு. மொத்தமா ஒரு மணி நேரம் உக்காந்து பண்றேன்னு நெனச்சா நடக்காது, ரெண்டாவது நாள் விட்டுப் போகும். ஏற்கனவே நீங்க விடாம செய்யற ஏதாவது வேலையோட கட்டி விட்டுருங்க, பல் தேய்க்கறப்போ கையால சிங்க்கைத் தொட்டுக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கறது, போன் பேசறப்போ குதிகாலைத் தூக்கி இறக்கறது, படுக்கையில இருந்து எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி பத்து க்வாட்ஸ் செட். அப்புறம் அவங்க காட்டறப்போ போன்ல வீடியோ எடுத்துக்கங்க, கேட்டா சரின்னுதான் சொல்வாங்க, வீட்டுக்குப் போனா இடுப்பைத் தூக்கச் சொன்னாங்களா காலைத் தூக்கச் சொன்னாங்களான்னு மறந்து போகும்.

வாக்கிங் ஸ்டிக் கொடுத்திருந்தா இதைக் கவனிங்க, வலிக்கற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில பிடிக்கணும். வலது முட்டின்னா இடது கை. நெறைய பேர் வலிக்கற பக்கமே பிடிக்கறாங்க, பாரம் அந்தக் கால்லயே விழுது. நேரா நின்னு கையைத் தொங்க விட்டா ஸ்டிக் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வரணும். படி ஏறறப்போ நல்ல கால் முதல்ல, இறங்கறப்போ அடிபட்ட காலும் ஸ்டிக்கும் முதல்ல. மறந்து போச்சுன்னா ஒரு படியிலயே நின்னு யோசிங்க, வேகமா யோசிச்சு விழாதீங்க.

ஸ்டெப் 5: எவ்ளோ வலி வரைக்கும் பரவாயில்ல

இங்கதான் எல்லாரும் ரெண்டு பக்கமும் சறுக்கறாங்க. ஒரு கூட்டம் லேசா வலிச்சாலே நிறுத்திடும், இன்னொரு கூட்டம் பல்லைக் கடிச்சிட்டு உயிர் போற வரைக்கும் பண்ணிட்டு மறுநாள் முட்டி பலூன் மாதிரி வீங்கி ஒரு வாரம் படுக்கும், அப்புறம் "பிசியோ பண்ணதாலதான் இப்படி ஆச்சு"ன்னு ஊரெல்லாம் சொல்லும்.

எனக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு இது. வலிக்கு 10-க்கு மார்க் போடுங்க. 0-ல இருந்து 3 வரைக்கும் பச்சை, தொடருங்க. 4, 5 மஞ்சள், பண்ணலாம் ஆனா கவனமா, எண்ணிக்கையைக் கொறைச்சு. அதுக்கு மேல சிவப்பு, நிறுத்துங்க. இதை விட நம்பகமானது மறுநாள் காலையில பாக்கறது, 24 மணி நேரத்துக்குள்ள வலியும் வீக்கமும் பழைய நிலைக்கு வந்துருச்சுன்னா நேத்து பண்ண அளவு சரி, வரலைன்னா அளவு ஜாஸ்தி, அதே பயிற்சியைப் பாதியா கொறைங்க. கொறைங்கன்னுதான் சொல்றேன், விட்டுருங்கன்னு சொல்லல. தசை வலிக்கறதும் மூட்டு வலிக்கறதும் வேற, புதுசா வேலை செஞ்ச தசை ஒண்ணு ரெண்டு நாள் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்கும், அது நல்ல வலி. மூட்டுக்குள்ள சுருக்குனு குத்தினா, மரத்துப் போனா, கால் திடீர்னு மடங்கி விட்டா அது வேற சமாச்சாரம், போன் பண்ணிக் கேளுங்க.

வலிச்சா செய்யவே கூடாதுங்கற எண்ணம் எவ்ளோ தப்பா இருக்கலாம்னு காட்ட ஒரு கதை இருக்கு. ஸ்வீடன்ல ஹாகன் ஆல்ஃப்ரெட்சன்னு ஒரு எலும்பு டாக்டர், அவருக்கே குதிகாலுக்கு மேல இருக்கற தசைநாண்ல, அக்கிலீஸ்னு சொல்வாங்களே அதுல, தீராத வலி. ஆபரேஷன் பண்ணிக்கறேன்னு கேட்டா பண்ண ஆள் இல்ல, சரி அந்த நாண் அறுந்தாலாவது பண்ணித்தான ஆகணும்னு வேணும்னே கடுமையா பாரம் ஏத்திப் பயிற்சி பண்ணாராம், அறுந்து போறதுக்குப் பதிலா வலி போச்சுன்னு சொல்வாங்க. அதை அப்புறம் முறையா 15 பேருக்குக் கொடுத்துப் பாத்து 1998-ல வெளியிட்டார், படி விளிம்புல நின்னு குதிகாலை மெதுவா கீழ இறக்கறது, முட்டி நேரா ஒரு தடவை, லேசா மடக்கி ஒரு தடவை, ஒவ்வொண்ணும் 15 வீதம் 3 செட், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ஆக 180 தடவை, 12 வாரம். அந்த 15 பேரும் திரும்ப ஓடப் போனாங்க. பின்னாடி வந்த ஆய்வுகள்ல எல்லாருக்கும் அப்படி முழுசா சரியாகல, ஆனா தசைநாண் வலிக்கு ரெஸ்ட் மட்டும் மருந்து இல்ல, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறதுதான் மருந்துங்கறது நிலைச்சு நின்னுருச்சு.

கரண்ட் வைக்கறது பத்தி

டென்ஸ், ஐ.எஃப்.டி (ரெண்டும் தோல் மேல பேட் ஒட்டி லேசா கரண்ட் விடறது), அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் இல்ல, ஒலி அலையால கொடுக்கற சிகிச்சை), மெழுகு ஒத்தடம் இதெல்லாம் கொஞ்ச நேரம் வலியை மந்தப்படுத்தலாம், அந்த நேரத்துல பயிற்சி பண்ண வசதியா இருக்கும், அவ்ளோதான். தசையை வளக்காது, மூட்டை நேராக்காது. பக்கவாதத்துலயும் ஆபரேஷனுக்கு அப்புறமும் தசையைச் சுருங்க வைக்கற கரண்ட் ஒண்ணு இருக்கு, அது வேற, அதுக்குப் பயன் உண்டு. பத்து சிட்டிங் போயும் மெஷினைத் தவிர ஒண்ணும் நடக்கல, ஒரு பயிற்சி கூடச் சொல்லித் தரலைன்னா ஆளை மாத்துங்க.

உங்க பிரச்னை முட்டி இல்லைன்னா

திடீர்னு பிடிச்ச இடுப்பு வலிக்குப் படுத்தே கிடக்கணும்னு இன்னமும் சொல்றவங்க இருக்காங்க. 1995-லயே பின்லாந்துல, ஹெல்சிங்கி நகர ஊழியர்களை மூணு குழுவா பிரிச்சுப் பாத்துட்டாங்க, ஒரு குழு ரெண்டு நாள் படுக்கை, ஒரு குழு முதுகுப் பயிற்சி, இன்னொரு குழு முடிஞ்ச வரைக்கும் வழக்கமான வேலையைப் பாத்துட்டே இருக்கறது. மூணாவது குழுதான் சீக்கிரம் தேறுச்சு. கவனிங்க, பயிற்சிக் குழுவையும் முந்திருச்சு. அதனால முதுகு பிடிச்ச மொத ரெண்டு நாள்ல யூடியூப் பாத்து உடம்பை முறுக்காதீங்க, நடங்க, எழுந்து உக்காருங்க, பயிற்சி எல்லாம் கொஞ்சம் தணிஞ்ச பிறகு.

தோள்பட்டை இறுகிப் போறது, ஃப்ரோசன் ஷோல்டர், பெரும்பாலும் 40-ல இருந்து 60 வயசுக்குள்ள வரும், சுகர் இருக்கறவங்களுக்கு ஜாஸ்தி. முதல்ல வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் மெதுவா தளர்றது, மொத்தம் ஒண்ணுல இருந்து மூணு வருஷம் வரைக்கும் கூட இழுக்கும். வலி உச்சத்துல இருக்கற கட்டத்துல கையை வலுக்கட்டாயமா முறுக்கித் தூக்கினா இன்னும் கோவப்படும், அப்படிச் செய்யற ஆள்கிட்ட வேண்டாம்னு சொல்லுங்க. இங்க பொறுமைதான் பெரிய செலவு.

கணுக்கால் சுளுக்குக்கு ஒரே ஒரு விஷயம் சொல்றேன். வீக்கம் போன உடனே சரியாயிருச்சுன்னு விட்டுர்றாங்க, அதனாலதான் அதே கால் திரும்பத் திரும்பப் பிரளுது. ஜவ்வு இழுபட்டப்போ கால் எந்த நிலையில இருக்குன்னு மூளைக்குச் சொல்ற உணர்வும் மங்கிப் போகுது, ஒத்தக் கால்ல நிக்கற பேலன்ஸ் பயிற்சிதான் அதைத் திருப்பிக் கொண்டு வரும், சில வாரம் விடாம பண்ணுங்க.

பக்கவாதம் வந்தவங்க வீட்ல இருக்கறவங்களுக்கு: மீட்சி ரொம்ப வேகமா இருக்கறது முதல் மூணு மாசம், அதுக்காக அதுக்கு அப்புறம் கதவு சாத்திருச்சுன்னு அர்த்தம் இல்ல. வந்து 3-ல இருந்து 9 மாசம் ஆனவங்களை எடுத்து, விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது அசையறவங்க அவங்க, நல்ல கைக்கு ஒரு கிளவுஸ் மாட்டி முடக்கி வெச்சு, பலவீனமான கையாலயே ரெண்டு வாரம் எல்லா வேலையும் செய்ய வெச்சாங்க, 2006-ல வந்த ஆய்வு, வழக்கமான கவனிப்புல இருந்தவங்களை விட அவங்க கை நல்லா தேறுச்சு, ஒரு வருஷம் கழிச்சும் அந்த முன்னேற்றம் நிலைச்சு நின்னுது. மூளை எதைத் திரும்பத் திரும்பச் செய்யுதோ அதைத்தான் கத்துக்கும். அதனால பாசத்துல டம்ளரை எடுத்துக் கையில கொடுக்காதீங்க, சட்டை பட்டனை நீங்களே போட்டு விடாதீங்க, பத்து நிமிஷம் ஆனாலும் அவங்களே போடட்டும், பக்கத்துல நின்னு பாத்துட்டு இருக்கறது கொடுமையாத்தான் இருக்கும். பலவீனமான கையைப் பிடிச்சு இழுத்து மட்டும் தூக்காதீங்க, தோள் மூட்டு இறங்கிரும்.

வயசான அப்பா அம்மாவுக்கு ஒரு டெஸ்ட். நாற்காலியில இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உக்காரச் சொல்லுங்க, பக்கத்துலயே நில்லுங்க. 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா அவங்க விழறதுக்கு முன்னாடியே பிசியோகிட்ட கூட்டிட்டுப் போங்க. நியூசிலாந்துல ஒடாகோன்னு ஒரு பயிற்சித் திட்டம் உருவாக்கினாங்க, கால்ல சின்ன வெயிட் கட்டி வலுவுக்கும், கூடவே பேலன்ஸுக்கும், வீட்லயே பண்றது, வாரத்துக்கு மூணு நாள், இதைத் தவிர நடை. விழறது சுமார் 35 சதவீதம் கொறைஞ்சுது. விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்ச பிறகு அலையறதை விட இது எவ்ளோ சுலபம்.

நடுவுல ஒண்ணுமே நகராத மாதிரி இருக்கறப்போ

இது வரும், கண்டிப்பா வரும். எனக்கு ஏழாவது வாரம் வந்துச்சு, 95 டிகிரியிலயே பத்து நாள் நின்னுது. முதல் நாலஞ்சு வாரத்துல வலு கூடறது பெரும்பாலும் நரம்பு நல்லா கட்டளை போடக் கத்துக்கறதாலதான், தசை பருக்கறது அதுக்கு அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும், அதனால நடுவுல ஒரு மந்தமான காலம் இருக்கற மாதிரித் தோணும். அப்ப பிசியோகிட்ட கேக்க வேண்டியது "எப்ப சரியாகும்" இல்ல, "பயிற்சியைக் கடினமாக்கலாமா"ங்கறது. ஒரே பயிற்சியை ஒரே எண்ணிக்கையில மூணு மாசம் பண்ணா உடம்பு அதுக்குப் பழகிட்டு சும்மா இருந்துரும், 15 தடவை சுலபமா வந்தா வெயிட் ஏத்தணும் இல்ல தெரபேண்ட் (இழுத்துப் பயிற்சி பண்ற ரப்பர் பட்டை, கலருக்குத் தகுந்த மாதிரி விறைப்பு மாறும்) கலரை மாத்தணும். அதே சமயம் காயம் ஆற எடுக்கற காலத்தை யாராலயும் அவசரப்படுத்த முடியாது, ஒடிஞ்ச கால் எலும்பு ஒண்ணு சேர 12 வாரம் கூட ஆகலாம், முட்டி ஜவ்வை மாத்தி வெச்சவங்க 9 மாசத்துக்கு முன்னாடி விளையாடப் போனா திரும்பக் கிழியற வாய்ப்பு தெளிவா அதிகம். வலியே இல்லையே, நான் நல்லாத்தான இருக்கேன்னு அஞ்சாவது மாசம் தோணும் பாருங்க, அதுதான் ஆபத்தான மாசம்.

கடைசி சிட்டிங்

நல்ல பிசியோ உங்களை வருஷக் கணக்கா வரச் சொல்ல மாட்டாங்க, இடைவெளியைக் கூட்டிக் கூட்டி அனுப்பி விட்டுருவாங்க. அந்தக் கடைசி நாள் மூணு விஷயம் எழுதி வாங்கிக்கங்க: எந்தப் பயிற்சியை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது, என்ன அறிகுறி வந்தா திரும்ப வரணும். அதுக்கு அப்புறம் பொதுக் கணக்குதான், உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னபடி பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150-ல இருந்து 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு, லேசா மூச்சு வாங்கணும் ஆனா பேச முடியணும் அந்த வேகத்துல, கூட ரெண்டு நாளாவது தசைக்கு வலு கொடுக்கற பயிற்சி, 65 தாண்டினவங்களுக்கு மூணு நாள் பேலன்ஸும் சேர்த்து. ஒரே மூச்சுல வேண்டாம், பத்துப் பத்து நிமிஷமா சேர்த்தாலும் கணக்குதான்.

என் முட்டி 128-ல நின்னுருச்சு. முழுசா குந்தி உக்கார முடியல, மழைக்காலத்துல லேசா கடுகடுக்கும். துண்டுச் சீட்டுல எழுதின மூணு வேலைல ரெண்டுக்கு 10 போட்டேன், மாடிப்படி இறங்கறதுக்கு இன்னும் 9தான் போட்டிருக்கேன், அந்தச் சீட்டு பாத்ரூம் கண்ணாடியில ஒட்டியிருக்கு, கீழ நின்னுதான் ஒத்தக் கால்ல பல் தேய்க்கறேன்.